மற்ற மூன்று பேர்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது நீரிழிவைப் பற்றி ஒரு கட்டுரை. "பழைய மாணவியர் எல்லாருக்கும் பயன்படும், எளிமையாக எழுதித் தாருங்கள் டொக்டர்" என்றார்கள். நீரிழிவைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடிய வைத்தியர்கள் நம் சங்கத்திலேயே மூன்று பேராவது இருக்கிறார்கள். எனக்கோ இந்தப் பாடசாலையில் ஒரு கணக்குத் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்தால் வந்து சொல்லும்படி முப்பது வருடங்களுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டது. விடை கிடைத்தபோது சொல்ல ரீச்சர் உயிரோடு இல்லை. ஆகவே நீரிழிவை விட்டுவிட்டு இதை எழுத இடம் கேட்டேன். தந்தார்கள். நன்றி.

1994ஆம் ஆண்டு, ஆண்டு பத்து வகுப்பு. எங்கள் சரித்திர ரீச்சரின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. பாடப்புத்தகத்தை மேசையில் மூடி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி படிப்பிப்பவர் என்றால் அக்காலத்து மாணவியர் எல்லாருக்கும் அவர் யாரென்று தெரியும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கும் நாளில் அவர் ஹிட்லரிலிருந்து தொடங்கவில்லை. "இந்தக் கட்டடத்துக்கு மேலால சண்டை பறந்தது பிள்ளையள். அதில இருந்து துவங்குவம்" என்றார். அன்று அவர் சொன்ன கதையில் கொக்கல வாவியிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் இருந்தது. ஒன்பது பேர் போனார்கள், ஆறு பேர் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட்டு அந்த விமானத்தின் தலைவரைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் கையை உயர்த்தி, "மற்ற மூன்று பேரின்ர பேர் என்ன ரீச்சர்?" என்று கேட்டேன்.

ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியாது பிள்ளை. ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. நீ கண்டுபிடிச்சா வந்து சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் கைக்குப் போனது, அந்தமான் தீவுகளும் போயின. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு மிஞ்சியிருந்த பெரிய தளங்கள் கொழும்பும் எங்கள் திருகோணமலையும். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நாகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தார். வருகிறார் என்ற தகவல் கசிந்திருந்தது. எந்த நாள், எந்தத் திசை என்பதுதான் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க இருந்தவை சில கட்டலினா விமானங்கள். கட்டலினா ஒரு பறக்கும் படகு. தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே எழும். அமெரிக்கக் கடற்படை அதற்கு வைத்த குறியெழுத்துகளின் பொருள் 'ரோந்துக் குண்டுவீச்சு விமானம்' என்பது. குண்டு சுமக்கும், ஆனாலும் அதன் உண்மையான வேலை பார்ப்பது. பன்னிரண்டு மணித்தியாலம், பதினைந்து மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பறப்பது. காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் இருக்கும் கொக்கல வாவிதான் அவற்றின் தளம். அந்தத் தளத்துக்காக ஊர்ச் சனத்தை எழுப்பினார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது, அயலில் இருந்தவை போய்விட்டன. வீட்டை விட்டு எழும்பிப் போவது என்றால் என்னவென்று நம் சங்கத்து அங்கத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கனடிய விமானப்படையின் 413ஆம் அணி ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெற்லாந்துத் தீவுகளில் இருந்தது. அங்கிருந்து அதை இங்கே அனுப்பினார்கள். கனடிய அணி என்று பெயர், ஆனாலும் அதில் பறந்தவர்களில் பிரித்தானியரும் பலர். ஸ்குவாட்ரன் லீடர் லெனாட் பேர்ச்சால் ஏப்ரல் 2ஆம் திகதி கொக்கலவில் வந்து இறங்கினார். ஏப்ரல் 4ஆம் திகதி, சனிக்கிழமை, விடியுமுன்னரே ரோந்துக்குக் கிளம்பினார். இரண்டு நாளுக்கு முன் வந்தவர்கள். கடல் வெப்பத்துக்கு உடம்புகூடப் பழகியிருக்காது.

பகல் முழுக்கப் பறந்து, திரும்பும் வேளை நெருங்கிய பிற்பகலில், இலங்கைக்குத் தென்கிழக்கே 300 மைலுக்கும் அப்பால், அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. எவருடைய கப்பல்கள் என்று தெரியவேண்டுமானால் கிட்டப் போகவேண்டும். போனார்கள். கப்பல்களை எண்ணி, வகையையும் திசையையும் குறித்து, வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். செய்தியை மூன்று தரம் அனுப்புவது அக்கால முறை. மூன்றாம் தரம் முடியுமுன் சீரோ விமானங்கள் வந்துவிட்டன. அவை மணிக்கு 300 மைலுக்கு மேல் பறப்பவை, இது மிக மெதுவான படகு. மறைய முகிலும் இல்லை. வானொலி நொறுங்கியது, எரிபொருள் தாங்கிகள் தீப்பிடித்தன. எரியும் படகை பேர்ச்சால் கடலில் இறக்கினார்.

ரீச்சர் இந்த இடத்திலிருந்து நேராகக் கொழும்புக்குப் போனார். எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் போகின்றன. நான் கொஞ்சம் இங்கேயே நிற்கப்போகிறேன்.

பேர்ச்சால் பின்னாளில் சொன்னபடி, காலில் பெருங்காயம் பட்ட ஒருவர் விமானத்தோடு மூழ்கிப் போனார். எட்டுப் பேர் தண்ணீருக்குள் வந்தார்கள். அவர்களில் இருவருக்குக் கடுமையான காயம். மிதக்கட்டும் என்று அவர்களுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிவிட்டார்கள். சீரோக்கள் திரும்பி வந்து தண்ணீரில் சுட்டன. காயம் குறைந்தவர்கள் சுடும்போதெல்லாம் நீருக்குள் அமிழ்ந்து தப்பினார்கள். அங்கி போட்டவர்களால் அமிழ முடியவில்லை.

வைத்தியராக இதை வாசித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். காயக்காரனுக்குச் செய்யவேண்டியதைத்தான் தோழர்கள் செய்தார்கள். அந்த நிலையில் நானும் அங்கியைத்தான் மாட்டியிருப்பேன். மூழ்காமல் இருக்கட்டும் என்று செய்த காரியம்தான் அவர்களை மூழ்க முடியாதவர்களாக்கியது. விபத்துப் பிரிவில் இரவுக் கடமை செய்த எவருக்கும், சரியாகச் செய்தும் நோயாளியை இழந்த ஒரு இரவாவது இருக்கும். மற்றவருக்கும் அதே கதி. பீரங்கிக் குண்டு தொடை நாடியைக் கிழித்தால் கையில் இருப்பது நிமிடக் கணக்கு. எரியும் படகுக்குள் அந்த நிமிடங்களும் இல்லை.

ஐசோகாசே என்ற யப்பானிய நாசகாரிக் கப்பல் மிஞ்சிய ஆறு பேரையும் தூக்கியது. அடித்து விசாரித்தார்கள். யப்பானுக்குக் கொண்டுபோய் ஒஃபுனா என்ற இரகசிய முகாமில் வைத்தார்கள். அந்த முகாமில் இருப்பவர்களின் பெயரை வெளியே சொல்லுவதில்லை. ஆகையால் ஒன்பது வீடுகளுக்கும் போன செய்தி ஒன்றுதான்: காணவில்லை. எந்த ஆறு, எந்த மூன்று என்று எந்தத் தாய்க்கும் நெடுநாள் தெரியாது.

இனிக் கொழும்பு. அரைகுறையாகக் கிடைத்த அந்தச் செய்தி போதுமானதாயிருந்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்களில் முடிந்தவற்றை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை யப்பானிய விமானங்கள் வந்தன. இதனால்தான் பேர்ச்சாலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் வந்தது. பட்டம் கொஞ்சம் பெரியது என்பது என் அபிப்பிராயம். எச்சரிக்கை கிடைத்தும் இரத்மலானையில் போர்விமானங்கள் எதிர்பாராமல்தான் மாட்டுப்பட்டன. அதே நாள் கடலில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். பேர்ச்சாலை நான் வேறு காரணத்துக்காக மதிக்கிறேன். பிற்காலச் சிறைமுகாம்களில் நோயாளிகளை வேலைக்கு இழுத்துப் போனபோது குறுக்கே நின்று அடி வாங்கினார். நடந்ததையெல்லாம் இரகசியமாகக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் யுத்தத்தின் பின் போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சியாயின. 2004இல் தொண்ணூறை அண்டிய வயதில் கனடாவில் காலமானார்.

யுத்தம் முடிந்தபின் வாஷிங்ரனில் ஒரு விருந்தில் சேர்ச்சிலிடம், யுத்தத்தில் மிக ஆபத்தான நேரம் எது என்று கேட்டார்களாம். யப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்கிய நேரம்தான் என்றாராம். அதைக் கண்டு சொன்ன அந்தப் பெயர் தெரியாத வீரன் இந்து சமுத்திரத்தின் அடியில் கிடக்கிறான் என்றும் சொன்னாராம். அங்கே இருந்த கனடியத் தூதர் லெஸ்டர் பியர்சன், அவர் அடியில் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று திருத்தினார் எனச் சொல்லப்படுகிறது. கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். எனக்கு இந்தக் கதை வாசிக்க வாசிக்க உறுத்துகிறது. சேர்ச்சில் சொன்னது பிழையல்லவே. சமுத்திரத்தின் அடியில் கிடந்தவர்கள் இருந்தார்கள், மூன்று பேர். புகழ்ச்சி அவர்களுக்கான முகவரியோடுதான் வந்தது. வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை. சித்திரை வருஷப்பிறப்புக்கு நாலைந்து நாள். அம்மம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. அவரும் இந்தப் பாடசாலைப் பிள்ளைதான். காலைச் சாப்பாட்டுக்கு முன் சீனக்குடாப் பக்கம் இடி இடித்ததுபோல் கேட்டதாம். மழைக்காலம் இல்லையே என்று வெளியே வந்து பார்த்தவர்கள் கறுப்புப் புகையைக் கண்டார்களாம். பலகாரத்துக்கு இடித்து வைத்த மாவை ஓலைப் பெட்டியில் கட்டிக்கொண்டு அன்று பின்னேரமே வண்டிலில் ஏறினார்கள். அந்த மாவை வழியில் களியாகக் கிண்டித் தின்றதுதான் அம்மம்மாவின் உலக யுத்தம். துறைமுகத்தில் எரிந்த சகாயிங் என்ற கப்பலை 2018இல்தான் நமது கடற்படை வெளியே எடுத்தது. வெளிநாட்டிலிருக்கும் நம்மவர் பலர் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

அன்றும் ஒரு கட்டலினா போனது. அதே 413ஆம் அணி. விமானி றே தோமஸ். திருகோணமலைக்கு வெளியே நாகுமோவின் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்து ஒருவரும் மீளவில்லை. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை அப்போது விமானத்தளமாக்கியிருந்தார்கள். இன்று கடைகளும் உணவகங்களுமாக இருக்கும் அதே திடல்தான். அங்கிருந்து மூவர் மூவராகப் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஒன்பது விமானங்கள் நாகுமோவின் கப்பல்களுக்கு மேல் போய்க் குண்டு போட்டன. குண்டுகள் கப்பலுக்கு அருகே கடலில் விழுந்தன. அந்த ஐந்து கப்பல்களையும் வானிலிருந்து எவரும் தாக்கியது அதுவே முதல்தடவை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை, தலைமை தாங்கிய கென் ஓல்ற் உட்பட. மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஒரு விமானமும் இல்லாமல் அகப்பட்டு மூழ்கியது. 307 பேர் போனார்கள்.

எதிரிப் பக்கத்திலும் வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் யப்பானிய விமானம் ஒன்று வந்து விழுந்தது என்றும், உள்ளே மூவர் இருந்தார்கள் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். உருகிச் சுருண்ட அந்தத் தாங்கி காட்டுக்குள் இன்னும் நிற்கிறது. அதைத் தற்கொலைத் தாக்குதல் என்று சொல்லி 'கமிகாசே' என்ற சொல்லையும் சேர்த்துவிடுகிறார்கள். கமிகாசே அணிகள் உருவானது 1944 ஒக்ரோபரில், பிலிப்பீன்சில். அது வேறு கதை. ஆனாலும் யப்பானில் அந்த மூன்று வீடுகளுக்கும் ஒரு கடிதம் போயிருக்கும்.

2013இல் ஒரு பயிற்சிக்காக சிங்கப்பூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கூட வந்தவர்கள் முஸ்தபாவுக்குப் போக, நான் எம்ஆர்ரி ரயில் ஏறி வடக்கே கிராஞ்சிக்குப் போனேன். புல்வெளி மேட்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். மேலே விமானச் சிறகுபோல் ஒரு கூரை, அதைத் தாங்கும் சுவர்த்தூண்களில் பெயர்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள், 24,000க்கு மேல். தென்கிழக்காசிய வானத்திலும் இந்து சமுத்திரத்திலும் காணாமற்போன விமானப்படையினர் எல்லாரும் அங்கேதான். யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு விதி உண்டு: பதவி பார்த்துக் கல் பெரிதாகாது, சிறிதாகாது. ஒவ்வொருவருக்கும் பெயர்.

பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து, தூணைத் தேடி, அண்ணாந்து நின்று வாசித்தேன். முதலில் அகப்பட்டது விமானத்தோடு மூழ்கியவருடைய பெயர்: சார்ஜன்ட் கொலரோசி. பிறகு டேவிட்சன். பிறகு ஹென்செல். கழுத்து நோகும்வரை நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, பரீட்சையில் விடை ஞாபகம் வந்ததுபோல் ஒரு ஆறுதல்தான் வந்தது. ரீச்சர் அதற்கு முந்திய வருடம் காலமாகியிருந்தார்.

ஊருக்கு வந்து அம்மம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். எண்பத்தைந்து வயதிலும் கண் தெளிவு. பெயர்களைச் சொல்லி, ஏப்ரல் 4 என்றும் சொன்னேன். நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இவையளுக்கு ஒரு திகதி எண்டாலும் கிடக்கு மோனை" என்றார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, 1990 ஆனியில் ஒரு காலை சைக்கிளில் வேலைக்குப் போனவர். இருபத்தெட்டு வயது. எனக்கு அப்போது பதினொன்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் படம் மாட்டவில்லை, மாலை போடவில்லை. திவசம் கொடுக்கத் திதி வேண்டும். வீட்டை விட்டுப் போன நாளின் திதியைக் கொள்ளலாம் என்று ஐயர் சொன்னார். "அண்டைக்கு அவன் உயிரோட தானே போனவன்" என்று அம்மம்மா மறுத்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை விளக்கேற்ற ஒரு நாள் இல்லாமலே அவர் 2016இல் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் ஆறு பேர் பிழைத்தார்கள் என்று ரீச்சர் சொன்னவுடன் என் கை தானாக உயர்ந்ததற்குக் காரணம் இதுதான். மாமாவின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் வேறு மூன்று பேரின் பெயரைக் கேட்டேன்.

என்னிடம் வரும் அம்மாமார் சிலர் நெஞ்சு நோ என்று வருவார்கள். ஈசிஜி சுத்தமாக இருக்கும். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், விடை சொல்ல ஒரு நிமிடம் எடுப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பிள்ளையின் பெயரைக் கேட்பேன். பெயரைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்துத் துண்டில் அதற்கு எழுத ஒன்றுமில்லை.

மருத்துவக் கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நோயாளரிடம் வந்துவிட்டேன், மன்னிக்கவும். சிங்கப்பூரில் இருக்கும், அல்லது அவ்வழியாகப் பறக்கும் தோழியருக்கு ஒரு குறிப்பு: கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், காலையில் போனால் வெயில் குறைவு. ஊருக்கு வருபவர்கள் நிலாவெளிக்குப் போகும் பஸ்ஸில் உப்புவெளியில் இறங்கினால் நம்மூர் யுத்த மயானம். கடற்கரைக்குப் போகும் அவசரத்தில் நாம் எல்லாரும் கடந்து போனதுதான். காவலாளி நல்ல மனிதர், கேட்டால் பதிவேட்டை எடுத்துத் தருவார்.